'இன் த ஃபேட்': படம் பார்த்தவர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

ஃபாத்திஹ் அகின் இயக்கிய இந்த ஜெர்மன் படத்தை யாரைப் பார்க்கச் சொன்னாலும் மறுநாள் ஃபோன் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் பெரும்பாலும் அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் ஐந்து கேள்விகளைப் படம் பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். அதற்கப்புறம் முடிவு உட்பட எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன். படிச்சுட்டுப் பார்க்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்.

ஹாம்பர்க் நகரம். காத்யா ஜெர்மன்காரி. அவள் கணவன் நூரி குர்து வம்சாவளி. ஒரு காலத்தில் கஞ்சா விற்றுச் சிறைக்குப் போனவன், உள்ளே இருந்தபடியே வணிக நிர்வாகம் படித்து, வெளியே வந்து துருக்கியர்கள் அதிகம் வாழும் பகுதியில் சின்ன அலுவலகம் நடத்துகிறான். வரிக்கணக்கு எழுதித் தருவது, மொழிபெயர்த்துத் தருவது இதுதான் தொழில். ஆறு வயதில் ரொக்கோ என்று ஒரு மகன். ஒருநாள் மகனைக் கணவனிடம் விட்டுவிட்டுத் தோழியோடு போகும் காத்யா, சாயங்காலம் திரும்பி வரும்போது தெருவை போலீஸ் மறித்திருக்கிறது. ஆணிகள் நிரப்பிய குண்டு. அலுவலகத்தில் இருந்த இருவரும் இல்லை.

யார் செய்தது, நீதிமன்றம் என்ன சொன்னது, அதன்பின் காத்யா என்ன செய்தாள் என்பதே மிச்சப் படம். மொத்தம் 106 நிமிடம். குடும்பம், நீதி, கடல் என்று மூன்று பாகங்களாகத் திரையில் தலைப்புப் போட்டே பிரித்திருக்கிறார்கள்.

பழிவாங்கும் படம்னு சொன்னாங்க. சண்டை, துரத்தல் எல்லாம் இருக்குமா?

இல்லை. துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கதாநாயகியை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பழிவாங்கும் எண்ணம் செயலாக மாறுவது மூன்றாவது பாகத்தில்தான். அதிலும் பாதி நேரம் அவள் காத்திருக்கிறாள், வேவு பார்க்கிறாள், யோசிக்கிறாள்.

ஆனால் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. நடுப்பாகம் முழுக்க ஒரு நீதிமன்ற அறைக்குள் நடக்கிறது. என் கணக்கில் படத்தின் உச்சம் அதுதான். கடைசிப் பாகம் அதற்கு ஒரு படி கீழே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த நடிகையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?

டயான் குரூகர். 'டிராய்' படத்தில் ஹெலனாக வந்தவர். பிறப்பால் ஜெர்மானியர். பல வருடம் பிரெஞ்சு, ஆங்கிலப் படங்களிலேயே நடித்துக்கொண்டிருந்தவர் முழுநீளக் கதாநாயகியாகச் செய்த முதல் ஜெர்மன் படம் இது. 2017 கான் விழாவில் சிறந்த நடிகை விருதை வாங்கினார்.

வாங்கியதில் ஆச்சரியமே இல்லை. நீதிமன்றத்தில் தடயவியல் நிபுணர் ஒருவர் ரொக்கோவின் உடலில் இருந்த காயங்களை வரிசையாக வாசிக்கும் காட்சி ஒன்று உண்டு. எது எரிந்திருந்தது, எதில் ஆணி ஏறியிருந்தது என்று, மளிகைப் பட்டியல் படிக்கிற குரலில். காயங்களைப் படம் காட்டுவதே இல்லை. நமக்குக் கிடைப்பது கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அம்மாவின் முகம்தான்.

வேறு விருது ஏதாவது?

2018 ஜனவரியில் வெளிநாட்டு மொழிப் படத்துக்கான கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்காருக்கு ஜெர்மனி அனுப்பிய படமும் இதுதான். ஒன்பது படங்கள் கொண்ட முன்பட்டியல் வரை வந்து, கடைசி ஐந்தில் இடம்பெறாமல் போனது.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாமா?

குழந்தைகளோடு வேண்டாம். ரத்தம் அதிகம் இல்லை. ஆனால் போதைப்பொருள் உபயோகிப்பது, தற்கொலை முயற்சி, மேலே சொன்ன அந்த வாசிப்பு எல்லாம் இருக்கிறது. சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் இப்போதைக்குத் தள்ளிப்போடுவது நல்லது. முதல் பாகத்தில் துக்கத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று காட்டுகிறார்கள்.

இது நிஜமா நடந்த கதையா?

காத்யா, நூரி, ரொக்கோ மூவருமே கற்பனை. பின்னணி கற்பனை இல்லை. ஜெர்மனியில் என்.எஸ்.யு. என்ற நவநாஜிக் கும்பல், அதாவது 'தேசிய சோஷலிச தலைமறைவு இயக்கம்', 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. ஒன்பது பேர் வெளிநாட்டு வம்சாவளியினர்: எட்டுப் பேர் துருக்கிய வேர் கொண்டவர்கள், ஒருவர் கிரேக்கர். பத்தாவது ஆள் ஒரு பெண் போலீஸ். கொல்லப்பட்டவர்களில் பூக்கடைக்காரர் உண்டு, தையல்காரர் உண்டு, பூட்டு-சாவிக் கடைக்காரர் உண்டு. 2001-இல் நடந்த ஒரு கொலை ஹாம்பர்க்கின் ஆல்டோனா வட்டாரத்தில், ஒரு காய்கறிக் கடைக்குள். துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்த அகின் வளர்ந்ததும் அதே ஆல்டோனாதான்.

படத்தில் வரும் ஆணிக்குண்டுக்கும் நேரான முன்மாதிரி உண்டு. 2004 ஜூன் 9 அன்று கொலோன் நகரில், துருக்கியக் கடைகள் நிறைந்த கொய்ப்ஸ்ட்ராஸ தெருவில், ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் நிறுத்திய சைக்கிளில் ஆணிகள் நிரப்பிய குண்டு வெடித்தது. 22 பேர் காயமடைந்தார்கள். படத்திலும் குண்டு சைக்கிளில்தான் வருகிறது.

செத்தவனையே போலீஸ் சந்தேகப்படுதே, இது கொஞ்சம் ஓவர் இல்லையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்த அன்றைக்கே காத்யாவிடம் கேட்கிறார்கள்: உங்கள் கணவர் மதப்பற்று உள்ளவரா, அரசியல் ஈடுபாடு உண்டா, எதிரிகள் யாராவது, பழைய போதைத் தொடர்பு ஏதாவது? நாஜிகள்தான் செய்திருப்பார்கள் என்று அவள் சொல்வதை யாரும் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை. கடைசியில் அவள் வீட்டையே சோதனை போடுகிறார்கள்.

ஓவர் இல்லை. நிஜத்தில் நடந்தது இன்னும் மோசம். கொலோன் குண்டு வெடித்த மறுநாளே அன்றைய உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷீலி, இதுவரை கிடைத்த தகவல்கள் பயங்கரவாதத்தைக் காட்டவில்லை, குற்றக் கும்பல் வட்டாரத்தைத்தான் காட்டுகின்றன என்றார். அந்தத் தெருவாசிகளே வருடக்கணக்கில் சந்தேகத்துக்கு ஆளானார்கள். தொடர் கொலைகளை விசாரித்த சிறப்புக் குழுவுக்கு 'போஸ்போரஸ்' என்று, துருக்கியில் இஸ்தான்புல் வழியே ஓடும் நீரிணையின் பெயரை வைத்திருந்தார்கள். எந்தத் திசையில் தேடினார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. பத்திரிகைகள் 'கெபாப் கொலைகள்' என்று எழுதின. 2000 செப்டம்பரில் கொல்லப்பட்ட முதல் ஆள், அந்தப் பூக்கடைக்காரரின் மனைவியிடம், யாரோ ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, உங்கள் கணவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று போலீஸ் சொன்னது. அது பொய். அவர் வாயிலிருந்து எதையாவது வரவழைக்கப் போட்ட தூண்டில்.

அதனால் படத்தின் முதல் பாகத்தைப் பழிவாங்கலுக்கான முன்னுரை என்று மட்டும் பார்க்காதீர்கள். அவள் கோபத்தில் பாதி குண்டு வைத்தவர்கள் மேல் என்றால், மறுபாதி இந்தக் கேள்விகள் மேல்.

காத்யா போதை எடுக்கிறதைக் காட்டியிருக்கணுமா? அவள் மேல இருக்கிற இரக்கமே குறைஞ்சு போச்சு.

குறைய வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். வலி தாங்காமல் அவள் எடுத்துக்கொள்கிறாள். அது சோதனையில் போலீஸ் கையில் சிக்குகிறது, பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஹாபர்பெக் கையில் ஆயுதமாகிறது. இவள் சொல்வதை எப்படி நம்புவது என்கிறார்.

குறையில்லாத விதவையாகக் காட்டியிருந்தால் நாமும் சுலபமாக அவள் பக்கம் சாய்ந்துவிடுவோம். அவளுடைய மாமியார்கூட சவ அடக்கத்தின்போது, நீ உன் பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் என் பேரன் உயிரோடு இருந்திருப்பான் என்கிற மாதிரிப் பேசுகிறார். இரண்டு உடல்களையும் துருக்கிக்குக் கொண்டுபோக அவர்கள் கேட்டபோது காத்யா மறுத்திருந்தாள். குண்டு வைத்தவர்களைத் தவிர எல்லோரும் அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

குற்றவாளியோட அப்பாவே வந்து மகனுக்கு எதிரா சாட்சி சொல்றாரே, நம்புற மாதிரி இருக்கா?

யூர்கன் மோல்லர் பாத்திரத்தைச் சொல்கிறீர்கள். மகன் ஆந்த்ரே, மருமகள் எட்டா; குண்டு வைத்ததாகக் கூண்டில் நிற்கும் நவநாஜி ஜோடி இவர்கள்தான். தன் கராஜில் இருந்த பொருட்களைப் பார்த்து, சேர்த்துக் கணக்குப் போட்டு, அவரே போலீஸுக்குச் சொல்கிறார். ஜெர்மன் சட்டப்படி நெருங்கிய ரத்த உறவினர் சாட்சி சொல்ல மறுக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இது தெரிந்தால் அந்தக் காட்சிக்கு இன்னும் கனம் கூடும். வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். வந்து பேசுகிறார்.

பேசி முடித்ததும் காத்யாவிடம் வருத்தம் தெரிவிக்கிறார். ஒரு நாள் காபிக்கு வாருங்கள் என்றும் கூப்பிடுகிறார். நடிகர் உல்ரிஷ் டுக்கூர் வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் படம் முடிந்த பிறகும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

காத்யாவுக்கு எதுக்குத் தனி வக்கீல்? அரசு வக்கீல்தானே வாதாடணும்?

ஜெர்மனியில் கொலை வழக்கு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரின் குடும்பம் 'உடன் வழக்காளி'யாகச் சேர்ந்துகொள்ளலாம். அரசு வக்கீல் ஒருபுறம் இருக்க, அவர்களுக்கென்று வக்கீல் வைத்து சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், மனு போடலாம். அதனால்தான் குடும்ப நண்பனான டனிலோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடுகிறான். அதனால்தான் அவளும், மகனைக் கொன்றவர்களுக்குச் சில அடி தூரத்தில், நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஹாலிவுட் படங்களில் வருகிற பன்னிரண்டு பேர் ஜூரியும் இங்கே கிடையாது. தொழில்முறை நீதிபதிகளும், பொதுமக்களில் இருந்து வரும் இரண்டு கௌரவ நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்பெழுதுகிறார்கள்.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் எப்படி விடுதலை ஆகிறாங்க? லாஜிக் இடிக்குதே.

இடிக்கவில்லை. எதிர்த்தரப்பு ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்துவதைக் கவனியுங்கள். பொருட்கள் கராஜில் கிடைத்தன, சரி. ஆனால் சாவி வேறு ஆட்களும் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது. யாருடையது என்று தெரியாத கைரேகையும் இருக்கிறது. சைக்கிளை நிறுத்திய பெண்ணை நேரில் பார்த்த சாட்சி காத்யா மட்டும்தான். அவள் போதை எடுப்பவள். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பவ நாளில் இந்த ஜோடி என் ஹோட்டலில்தான் தங்கியிருந்தது என்று கிரீஸிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்து, விருந்தினர் பதிவேட்டைக் காட்டுகிறார்.

அந்த ஆள் 'பொன் விடியல்' என்ற கிரேக்கத் தீவிர வலதுசாரிக் கட்சிக்காரன் என்று டனிலோ காட்டிவிடுகிறான். சாட்சியின் முகத்திரை கிழிகிறது. ஆனாலும் அவன் சொன்னது பொய் என்று நிரூபணம் ஆகவில்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்பது விதி. அந்த விதி நம்மைக் காப்பாற்றுகிற விதியும்கூட என்பதால்தான் இந்தத் தீர்ப்பு இவ்வளவு எரிச்சலூட்டுகிறது. நீதிபதியைக் கெட்டவராகக் காட்டி வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம்.

மேல்முறையீடு பண்ணியிருக்கலாமே?

பண்ணலாம் என்றுதான் டனிலோ படத்திலேயே கெஞ்சுகிறான். தீர்ப்பு வந்த ஒரு வாரத்துக்குள் மறுஆய்வு கோர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மேல் நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது; சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். விடுதலையான ஜோடியைத் தேடிக் காத்யா கிரீஸுக்குப் போயிருக்கும்போது அவன் ஃபோனில் பேசுவது இந்தக் கெடுவை மனதில் வைத்துத்தான். கதவு மூடவில்லை, அவளுக்கு அது தெரியும். கடைசி முடிவைப் பற்றி வாதாடுகிறவர்கள் இந்த ஃபோனை மறந்துவிடுகிறார்கள்.

முதல் தடவை குண்டை வண்டிக்கு அடியில வெச்சுட்டு, ஏன் திரும்ப எடுத்துட்டுப் போறா?

ஆந்த்ரேயும் எட்டாவும் கடற்கரையில் ஒரு கேரவன் வண்டியில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஓடப் போயிருக்கும் நேரத்தில் குண்டுள்ள பையை அடியில் வைத்துவிட்டு ஒளிந்து காத்திருக்கிறாள். ஒரு சின்னக் குருவி வந்து உட்காருகிறது. அவள் மனம் மாறி, ஓடிப்போய்ப் பையை எடுத்துவிடுகிறாள்.

குருவியைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. தூரத்தில் நின்று பொத்தானை அழுத்துவது அவர்கள் செய்தது. வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், உள்ளே குழந்தை இருந்ததா என்று பார்க்கவில்லை. அதையே தானும் செய்யப் போகிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில் உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதவிடாய் வர்ற காட்சி எதுக்கு? சம்பந்தமே இல்லாம இருக்கு.

சம்பந்தம் இருக்கிறது. மகனும் கணவனும் இறந்ததிலிருந்து அவளுக்கு அது நின்றுபோயிருந்தது. அதிர்ச்சியில் அப்படி நிற்பது உண்டு. முதல் முறை குண்டை எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகு மறுபடி வருகிறது. உடம்பு தன் போக்கில் வாழ்க்கைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. அவள் விரும்பினால் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது என்று வசனம் இல்லாமலே சொல்லிவிடுகிறார்கள். இதையும், மேல்முறையீட்டு ஃபோனையும் சேர்த்துப் பாருங்கள். வேறு வழியில்லாமல் போனாள் என்ற சமாதானத்துக்கு இடமே வைக்கவில்லை.

கடைசியில அவளும் சாகிறா. இதைப் படம் சரின்னு சொல்லுதா?

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேரவனுக்குள் ஏறுகிறாள். வெடிக்கிறது. கேமரா மேலே எழுந்து வானத்துக்கும் கடலுக்கும் போய்விடுகிறது. கைதட்டல் வாங்கும்படி இசை எழவில்லை. அதன்பின் என்.எஸ்.யு. கொலைகளைப் பற்றிய வாசகங்கள் திரையில் வருகின்றன.

தற்கொலைத் தாக்குதலைப் புனிதமாக்குகிறது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தின ராத்திரி அவள் ஃபோனில் பார்ப்பது கடற்கரையில் மகனும் கணவனும் இருக்கும் வீடியோ. அவள் போவது அவர்களிடம். அந்த இருவரைக் கொல்வது போகிற வழியில் நடக்கிறது. சரி என்று சொல்லவில்லை, புரிந்துகொள்ள முடிகிறதா என்று கேட்கிறது. ஆனால் படம் முடிந்த கையோடு அந்த வாசகங்களைப் போட்டது எனக்கு ஒட்டவில்லை. நிஜத்தில் அந்தக் குடும்பங்களில் யாரும் குண்டு எடுக்கவில்லை. வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள்.

அப்போ நிஜ வழக்கு என்ன ஆச்சு?

2011 நவம்பர் 4 அன்று ஐஸனாக் நகரில் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு, ஊவே முண்ட்லோஸ், ஊவே பொன்ஹார்ட் இருவரும் ஒரு கேரவனுக்குள் பிணமாகக் கிடைத்தார்கள். (ஆமாம், கேரவன்.) மூன்றாவது ஆளான பெயாட்ட ஷேப்ப, ஸ்விக்காவ் நகரில் அவர்கள் வசித்த வீட்டைக் கொளுத்திவிட்டுத் தப்பி, சில நாளில் சரணடைந்தாள். அதுவரை இந்தக் கொலைகளுக்கும் நாஜிகளுக்கும் தொடர்பு இருப்பது பொதுவெளிக்கு வரவே இல்லை.

மியூனிக்கில் 2013 மே மாதம் தொடங்கிய விசாரணை 430 நாட்களுக்கு மேல் நடந்து, 2018 ஜூலை 11 அன்று ஷேப்பவுக்கு ஆயுள் தண்டனையோடு முடிந்தது. ஜெர்மனியில் படம் வெளியானது 2017 நவம்பரில், அதாவது விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது. எனவே படத்தில் வரும் விடுதலைத் தீர்ப்பு நிஜத் தீர்ப்பைப் பற்றிய விமர்சனம் அல்ல, அப்போது தீர்ப்பே வரவில்லை. படத்தில் சொல்லப்படும் அந்தக் கிரேக்கக் கட்சியையும் 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் குற்றக் கும்பல் என்று தீர்ப்பளித்தது.

மூணாவது பாகம் ஒரு படி கீழேன்னு சொன்னீங்களே, ஏன்?

முதல் இரண்டு பாகங்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. குற்றவாளியின் அப்பாவுக்குக்கூட. கிரீஸுக்குப் போனதும் அது போய்விடுகிறது. ஹோட்டல்காரன் வெறும் வில்லனாக அவளைத் துரத்துகிறான். ஆந்த்ரேயும் எட்டாவும் படம் நெடுக வாயே திறப்பதில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு மேடை கொடுக்கக் கூடாது என்பது இயக்குநரின் முடிவாக இருக்கலாம், மதிக்கிறேன். ஆனாலும் எதிரே ஆளே இல்லாத இடத்தில் ஒருத்தி தனியாகப் போராடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. டயான் குரூகர் இல்லையென்றால் அந்த அரைமணி நேரம் படுத்திருக்கும்.

இரண்டாவது தடவை பார்த்தால் எதைக் கவனிக்கணும்?

முதல் பத்து நிமிடத்துக்குள் வரும் சைக்கிள். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு பெண் பின்னால் பெட்டி வைத்த புத்தம்புது சைக்கிளைப் பூட்டாமல் நிறுத்துவதைக் காத்யா பார்க்கிறாள். பூட்டுங்கள், திருடிவிடுவார்கள் என்று நல்லெண்ணத்தில் சொல்கிறாள். உடனே வந்துவிடுவேன் என்று பதில் சொல்லிவிட்டு அந்தப் பெண் போகிறாள். எட்டாவும் காத்யாவும் படத்தில் பேசிக்கொள்வது இங்கேதான். முதல் தடவை பார்க்கும்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, விசாரணையில் அத்தனையும் இந்த ஒரு நிமிடத்தை அவள் சரியாகப் பார்த்தாளா என்பதில் போய் நிற்கிறது. அப்புறம், முதல் பாகத்தில் மழை எவ்வளவு நேரம் பெய்கிறது என்றும் பாருங்கள். கிரீஸுக்கு வந்ததும் வெயில் கண்ணைக் கூசுகிறது.